ஓவியம், சிற்பம், சினிமாவிலிருந்து புகைப்படக்காரர் எடுத்துக்கொள்ளக்கூடியவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமராவின் அடிப்படை தெரிந்தவர்களுக்கான பக்கம் இது. இங்கே சொல்லியிருப்பதைச் செய்துபார்க்க ஒரு ஜன்னல், ஒரு விளக்கு, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை, ஒரு கறுப்புத் துணி போதும். விலை கூடிய லென்ஸ் எதற்கும் தேவையில்லை.

கேமராவைக் கற்கவே நேரம் போதவில்லை. ஓவியத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

கேமரா முன்னால் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். சுவரில் தொங்கும் காலண்டர், மூலையில் சாத்திவைத்த துடைப்பம், குறுக்கே ஓடும் ஒயர் எல்லாம் கேட்காமலே படத்துக்குள் வந்துவிடும். ஓவியத்தில் ஒரு ஆணி இருக்கிறதென்றால், யாரோ உட்கார்ந்து அந்த ஆணியைத் தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும், டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமும் மட்டுமே உள்ள சிறிய ஓவியம். அவள் தலைக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர், அதில் ஆணியும் ஆணித் துளைகளும். அந்தச் சுவர் முதலில் வெறுமையாக இருக்கவில்லை. ஜாடிகள் மாட்டும் பலகையையும் தரையில் ஒரு நெருப்புக் கூடையையும் வெர்மீர் வரையத் தொடங்கி, பிறகு அவற்றின் மேலேயே வண்ணம் பூசி மறைத்திருக்கிறார். 2022-இல் வெளியான ஆய்வில் இது தெரிந்தது. பலகையை எடுத்த வெர்மீர் ஆணியை ஏன் விட்டுவைத்தார் என்று ஐந்து நிமிடம் யோசித்தால், அடுத்த முறை ஷட்டரை அழுத்தும் முன் பின்னணியைப் பார்க்கும் பழக்கம் தானே வரும்.

சரி, ஓவியத்தின் முன் நின்று எதைப் பார்ப்பது?

முதலில் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முகபாவம், ஆடையின் பூவேலை எல்லாம் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத் தீப்பெட்டி அளவு கட்டத்துக்குள் பென்சிலால் நிழலடித்துக்கொள்ளுங்கள். ஆள் உருவம் வரைய வேண்டாம்.

அடுத்து மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு கீழே விழுகிறது என்று பாருங்கள். விளக்கு எங்கே, எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஒளிமூலம் சிறியது அல்லது தொலைவில் இருப்பது. மெல்லக் கரைந்தால் பெரியது, அருகில் இருப்பது. கடைசியாக, எந்த ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன, எவை பின்னணியோடு கலந்து காணாமல் போகின்றன என்று கவனியுங்கள். புகைப்படக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எல்லா ஓரத்தையும் கூர்மையாக்க மென்பொருள் இருப்பதால் எல்லாவற்றையும் கூர்மையாக்கிவிடுகிறோம்.

ஒரு ஓவியத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஐம்பது ஓவியம் பார்த்துவிட்டு வருவதில் கால்வலிதான் மிச்சம்.

‘ரெம்பிராண்ட் லைட்டிங்’ என்பது சரியாக என்ன? எனக்கு அந்த முக்கோணம் வரவே மாட்டேன் என்கிறதே?

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரில் வழங்கும் ஒளியமைப்பு இது. நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, ஒளியால் ஆன ஒரு சிறு முக்கோணம் விழுவதுதான் அடையாளம். அகலத்தில் அது கண்ணைத் தாண்டக் கூடாது, நீளத்தில் மூக்கைத் தாண்டக் கூடாது. மூக்கின் நிழலும் கன்னத்தின் நிழலும் ஒன்றையொன்று தொட்டால்தான் முக்கோணம் மூடும்.

விளக்கை முகத்துக்கு நேரிலிருந்து ஏறக்குறைய 45 டிகிரி பக்கவாட்டிலும், கண் மட்டத்துக்கு மேலே 45 டிகிரியிலும் வையுங்கள். பிறகு விளக்கைத் தொடாமல் ஆளின் முகத்தை மட்டும் விளக்குக்கு எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு நிழலும் ஒட்டும் நொடியில் நிறுத்துங்கள். விளக்கை நகர்த்திக்கொண்டே இருப்பதைவிட இது எளிது.

வராததற்குக் காரணங்கள் சிலவே. விளக்கு முன்பக்கமாக இருந்தால் மூக்கின் நிழல் கன்ன நிழலை எட்டாது. தாழ்வாக இருந்தால் நிழல் பக்கவாட்டில் ஓடிவிடும். மிக உயரத்தில் இருந்தால் கண்குழி கறுத்து, கண்ணில் இருக்க வேண்டிய ஒளிப்புள்ளி போய்விடும். ஒளிப்புள்ளி இல்லாத கண் உயிரில்லாமல் தெரியும். வேறொன்றும் உண்டு: மூக்குத்தண்டு தாழ்ந்த முகங்களில் இந்த முக்கோணம் அழகாக அமையாது. அப்போது வேறு ஒளியமைப்புக்குப் போங்கள். முகத்துக்காகத்தான் ஒளி.

ஜன்னலை வைத்தும் இதைச் செய்யலாம், ஆனால் ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். நம் வீட்டு ஜன்னல்கள் இடுப்பளவிலேயே தொடங்குவதால், மூடாவிட்டால் கீழிருந்து வரும் ஒளி நிழலை நிரப்பிவிடும்.

வெர்மீர் போன்ற ஜன்னல் ஒளிக்கு வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்கிறார்கள். எங்கள் வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்கிறதே?

அடிக்கத்தான் செய்யும். அந்த அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் ஏறத்தாழ 52 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கேதான் நிற்கும். சென்னை 13 டிகிரி வடக்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியனே நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை சூரியன் உதிப்பதும் மறைவதும் வடக்குச் சாய்ந்தே நடக்கும். நண்பகல் வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயில்தான் வடக்கு ஜன்னலுக்குள் நுழையும்.

ஆகவே கோடையில் வடக்கு ஜன்னலைக் காலை பத்து முதல் மாலை மூன்று வரையும், ஐப்பசி முதல் மாசி வரை நாள் முழுதும் பயன்படுத்தலாம். வெயில் நுழையும் நேரத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். ஒற்றை மடிப்பு போதும்; இரட்டையாகப் போட்டால் இன்னும் மென்மை கிடைக்கும், வெளிச்சமும் அதற்கேற்பக் குறையும். பழுப்பேறிய வேட்டி வேண்டாம், முகமும் பழுப்பேறும்.

ஆளை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தாமல், ஜன்னலின் பின் ஓரத்தை ஒட்டி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நிறுத்துங்கள். மறுபக்கம் நிழல் அதிகமானால் தெர்மோகோல் அட்டையை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். அட்டையை நெருக்கினால் நிழலே இல்லாமல் போய் முகம் தட்டையாகும். ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, 1/125 விநாடி என்பது தொடங்குவதற்கு ஒரு அளவு. மேகமூட்டத்தில் ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டியிருக்கும்.

பலரும் கவனிக்காதது எதிர்ச்சுவரின் நிறம். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் நிழல் பக்கக் கன்னம் பச்சையாகத்தான் இருக்கும். ஒயிட் பேலன்ஸில் இதைச் சரிசெய்ய முடியாது. நிழலைச் சரிசெய்தால் வெளிச்சப் பக்கம் கெடும். அந்தச் சுவரை ஒரு வெள்ளைப் போர்வையால் மறைப்பதே வழி.

இத்தாலிய ஓவியர் கறவாஜியோவின் ஓவியங்களில் இருப்பதுபோல் பின்னணி முழுக் கறுப்பாக வேண்டும். எடிட்டிங்கில் இருட்டாக்கினால் போலியாகத் தெரிகிறது.

தூரத்தைக் கொண்டு இருட்டாக்குங்கள். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். விளக்கு முகத்திலிருந்து ஒரு மீட்டரில், பின்சுவர் விளக்கிலிருந்து நான்கு மீட்டரில் என்றால், சுவருக்குப் போவது பதினாறில் ஒரு பங்கு. அதாவது முகத்தைவிட நான்கு ஸ்டாப் குறைவு. சாம்பல் சுவரே ஏறக்குறைய கறுப்பாகிவிடும். விளக்கு மூன்று மீட்டர் தள்ளியும் சுவர் ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னாலும் இருந்தால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்கூட வராது. சிறிய அறையில் எடுப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். விளக்கு எரியும்போது வெள்ளைக் கூரையிலும் பக்கச் சுவரிலும் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுக்க, நிழல் பக்கம் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள்.

கறவாஜியோவிடம் கற்க இன்னொன்றும் உண்டு. ரோமில் சான் லூயிஜி தேவாலயத்தில் இருக்கும் ‘மத்தேயுவின் அழைப்பு’ (1599–1600) ஓவியத்தில் ஒளி வலப்புறம் மேலிருந்து சாய்வாக வருகிறது. இயேசுவின் முகத்தில் கொஞ்சமும் நீட்டிய கையில் கொஞ்சமும் பட்டு, மேசையைச் சுற்றி இருப்பவர்கள் மேல் விழுகிறது. முக்கியமான ஆள் பாதி இருட்டில் நிற்கிறார்! யார் முக்கியமோ அவர் மேல்தான் வெளிச்சம் என்ற பழக்கத்தை விட்டுப்பார்க்க இது நல்ல இடம்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஓவியங்களில் வெளுத்த தோல் கறுப்புப் பின்னணியிலிருந்து தானே பிரிந்து நிற்கும். கருந்தோலில் நிழல் பக்கம் பின்னணியோடு கலந்து பாதி முகம் காணாமல் போகும். அதற்காக எக்ஸ்போஷரைக் கூட்டித் தோலை வெளுக்காதீர்கள். கருந்தோல் வடிவம் காட்டுவது பளபளப்பால். ஒளிமூலத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அந்தப் பளபளப்பு நீளமாக ஓடும். பின்னணியை முழுக் கறுப்புக்குப் பதில் அடர் சாம்பலிலோ காவியிலோ வையுங்கள்.

பழைய ஓவியங்களின் பழுப்பு நிறம் வேண்டும். எந்த பிரிசெட் நல்லது?

எதுவும் வேண்டாம். அந்தப் பழுப்பில் ஒரு பகுதி ஓவியர் வைத்ததே இல்லை. காலப்போக்கில் மஞ்சளேறிய வார்னிஷ். ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த படையணி ஓவியத்துக்கு ‘இரவுக் காவல்’ என்ற பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டதே வார்னிஷும் அழுக்கும் இருண்டு போனதால்தான். உண்மையில் அது பகல் காட்சி.

நிறத்தைப் படிக்க வேண்டுமானால் எண்ணிக்கையைப் படியுங்கள். சித்தன்னவாசல் கூரையின் தாமரைக் குளமானாலும் தஞ்சாவூர்ப் பாணித் தெய்வப் படங்களானாலும், பெரிய பரப்பைப் பிடித்திருக்கும் நிறங்கள் மூன்று நான்குக்கு மேல் இருக்காது. ஒரு வாரம், ஒரு ஃபிரேமில் மூன்று நிறத்துக்கு மேல் வராமல் கடைத்தெருவில் படம் எடுத்துப்பாருங்கள். ஃபிளெக்ஸ் பேனர்கள் உங்களை அழவைக்கும்.

ஓவியங்களில் உருவங்களை ஓரத்தில் வெட்டிவிடுகிறார்கள். நாங்கள் செய்தால் தவறிப்போய் வெட்டியதுபோல் இருக்கிறது.

பாதி வெட்டினால் பிழை, துணிந்து வெட்டினால் அமைப்பு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் ‘கமெய்தோ பிளம் தோட்டம்’ (1857) என்ற மரச்செதுக்கு அச்சில் ஒரு மரத்தின் தண்டு கண்ணெதிரே கட்டம் முழுவதையும் குறுக்கே அடைக்கிறது. மரத்தின் உச்சியும் இல்லை, அடியும் இல்லை. கிளைகளுக்கு நடுவே தொலைவில் சிறுசிறு மனிதர்கள். வான்கோ 1887-இல் இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இந்த அச்சு இடம்பெற்ற வரிசையின் அச்சுகள் செங்குத்தாக, ஏறத்தாழ 2:3 விகிதத்தில் இருப்பவை. நம் கேமராவின் விகிதமும் அதுவே என்பதால், எதையும் மாற்றாமல் நேராகப் பயிற்சி செய்யலாம்.

அருகிலும் தொலைவிலும் ஒருசேரக் கூர்மை வேண்டுமென்றால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 11, ஃபோகஸ் 1.75 மீட்டரில் வையுங்கள். சுமார் 87 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். அரை மீட்டருக்கு அருகே மரத்தைக் கொண்டுவந்தால் அது மங்கிவிடும், அச்சின் தட்டையான தன்மை போய்விடும். செல்போனின் சிறிய சென்சாரில் இந்தத் தெளிவு கேட்காமலே கிடைக்கும். இந்த ஒரு வேலைக்கு அது பெரிய கேமராவை வெல்லும்.

தவறான க்ராப் என்ன செய்யும் என்பதற்கு மறுபடி ‘இரவுக் காவல்’. 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவரில் பொருத்துவதற்காக அதன் நான்கு பக்கமும் வெட்டினார்கள், இடப்பக்கம் அதிகமாக. நடுவிலிருந்து வலப்பக்கம் விலகி, இடப்பக்கத்து வெற்றிடத்தை நோக்கி நடந்த இரண்டு தலைவர்கள் வெட்டியபின் நட்டநடுவில் வந்து நின்றுவிட்டார்கள். நடை நின்றுபோனது. காணாமல் போன பகுதிகளை ஒரு பழைய நகலின் துணையோடு 2021-இல் ரைக்ஸ் அருங்காட்சியகம் மறு உருவாக்கம் செய்து பக்கத்தில் பொருத்திக் காட்டியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவர், நடப்பவருக்கு முன்னால் இடம் விடாமல் படம் எடுக்க மாட்டார்.

திருமணப் படங்களில் மணப்பெண்ணுக்குப் போஸ் சொல்லத் தெரியவில்லை. சிற்பங்கள் உதவுமா?

இதற்குச் சோழர் செப்புத் திருமேனிகளைவிட நல்ல பாடம் கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். உடல் மூன்று இடங்களில் வளையும் திரிபங்க நிலை. பாடம் இப்படி: எடை முழுவதும் ஒரு காலில். அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும். மற்ற முட்டி தளர்ந்து சற்றே மடியும். தோள் இடுப்புக்கு எதிர்ப்பக்கம் சாயும், தலை மீண்டும் திரும்பிச் சாயும்.

மணப்பெண்ணிடம் “இடுப்பை வளைங்க” என்று சொன்னால் விறைத்துவிடுவார். “இடது காலைக் கொஞ்சம் ரெஸ்டா விடுங்கம்மா” என்று மட்டும் சொல்லுங்கள். இடுப்பும் தோளும் தாமே இடம் மாறும். தலையை மட்டும் விரலால் காற்றில் சைகை காட்டித் திருப்புங்கள். கனமான பட்டுப்புடவையில் வளைவில் பாதி மறைந்துவிடும் என்பதால், நிஜத்தில் கொஞ்சம் அதிகம் போலத் தோன்றும் அளவுக்கே படத்தில் சரியாக வரும்.

கைகளுக்குத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த, அதே திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் காளையின் மேல் கையை ஊன்றி, கால்களைப் பின்னி நிற்கிறார். காளை இன்று இல்லை. ஆனாலும் அந்தக் கை காற்றில் தொங்கவில்லை. அங்கே ஒரு முதுகு இருப்பதாகவே நம் கண் நம்புகிறது. கைக்கு ஒரு வேலை கொடுங்கள், பிறகு தேவைப்பட்டால் அந்தப் பொருளை எடுத்துவிடுங்கள்.

சிற்பத்தைப் படம் எடுத்தால் தட்டையாக வருகிறதே?

நேரம் தவறு. மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பம், அர்ச்சுனன் தபசு, கிழக்கு நோக்கியது. விடிந்ததும் ஓடினால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நிறம் அழகு, ஆழம் இல்லை. சூரியன் ஏற ஏற ஒளி பாறையை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும், ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே நிழல் விழும். பதினொன்று மணியை ஒட்டி அது உச்சம். நண்பகல் கழிந்தால் மொத்தமும் நிழல். வீட்டில் அம்மிக்கல்லும் டார்ச்சும் வைத்து இதைச் செய்துபாருங்கள். உளி கொத்திய தடம் டார்ச் எந்தக் கோணத்துக்கு வரும்போது எழுந்து நிற்கிறது என்று தெரிந்தால், தோல் சுருக்கத்தைக் காட்டவும் மறைக்கவும் தெரிந்துவிடும்.

சினிமாவிலிருந்து?

சத்யஜித் ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவிலிருந்து தொடங்கலாம். ‘அபராஜிதோ’வுக்காக (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் போட்டபோது, திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளி அவருக்குத் தேவைப்பட்டது. செட்டின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து துணியின் மேல் அடித்துத் திருப்பினார். நீங்கள் ஃபிளாஷைக் கூரையில் அடித்துத் திருப்புவது அதே வித்தை. நான்கு மீட்டருக்கு மேல் உயரமான, அல்லது சிவப்பும் தங்கமும் பூசிய மண்டபக் கூரையில் இது பலிக்காது. உதவியாளர் ஒருவர் தலைக்கு மேல் பிடிக்கும் வெள்ளைத் துணியோ தெர்மோகோலோதான் அங்கே கூரை.

எனக்கு வரையவே வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. ஆனாலும் கோடு போட்டுப்பாருங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இளமையில் ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் பயின்றவர், 1970-களில் கேமராவை ஓரம் வைத்துவிட்டு வரைவதற்கே திரும்பினார். நமக்கு இன்னும் பக்கத்தில், ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்கு ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்கள் இருக்கின்றன. வெறும் மைக்கோடு. ஒரு தூணில் எந்தக் கோட்டை அழுத்தமாகப் போட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்று பாருங்கள். அதே தூணின் படத்தை அச்சிட்டு மேலே டிரேசிங் தாள் வைத்து முக்கியக் கோடுகளை மட்டும் எடுத்தால், உங்கள் படத்தில் எது தேவையில்லை என்பது தாளிலேயே தெரியும்.

ஓவியத்தை அப்படியே ஆட்களை வைத்து எடுத்தேன். பள்ளி நாடகம் மாதிரி இருக்கிறது.

உடையில் செலவழித்துவிட்டு ஒளியில் சிக்கனம் பிடித்திருப்பீர்கள். புதுத் துணி, கலையாத மடிப்பு, எல்லோரும் கேமராவைப் பார்ப்பது ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். துணியை ஒருமுறை துவைத்து, இஸ்திரி போடாமல் உடுத்தச் சொல்லுங்கள். கைகளில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியே எடுப்பதைவிட எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கனடியப் புகைப்படக் கலைஞர் ஜெஃப் வால் 1993-இல் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ஒரு அச்சை எடுத்து, காற்றில் பறக்கும் காகிதங்களையும் குனியும் உருவங்களையும் கனடாவின் வான்கூவருக்கு அருகே இன்றைய ஆட்களை வைத்து அமைத்தார். ஓராண்டுக்கு மேல் எடுத்த நூற்றுக்கும் அதிகமான படங்களைச் சேர்த்த ஒரே படம் அது. கிமோனோ எதுவும் இல்லை. காற்று மட்டும் ஹொகுசாயுடையது.

சட்டப்படி சிக்கல் வருமா? முக்காலி, ஃபிளாஷ்?

இந்தியாவில் ஓவியத்தின் காப்புரிமை ஓவியர் மறைந்து 60 ஆண்டு வரை. ராஜா ரவிவர்மா 1906-இல் மறைந்ததால் அவர் ஓவியங்களை மறு உருவாக்கம் செய்யத் தடையில்லை. வாழும் ஓவியரின் படத்தை ஆள்வைத்து அப்படியே எடுத்து விற்றால் சிக்கல் வரலாம். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படம் எடுப்பது சட்டப்படி உரிமை மீறல் ஆகாது.

தொல்லியல் துறைச் சின்னங்களில் முக்காலிக்கு முன் அனுமதி வேண்டும். சுவரோவியங்கள் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். கோயில் கருவறையில் கேமராவையே எடுக்காதீர்கள். வெளிநாட்டு ஓவியங்களைப் பார்க்க விமானம் ஏற வேண்டாம். ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனும் காப்புரிமை முடிந்த ஓவியங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே தரவிறக்க விடுகின்றன. தரவிறக்கியதும் திரையின் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் நிழல் பகுதிகள் உண்மையில் இருப்பதைவிட எழும்பித் தெரியும்.